ஆடுகள் விலகிய இடம்

காலையில் கடையைத் திறந்ததும் ஜெசிந்தா டி-ஷர்ட்டுகளை உதறி மாட்டுவாள். வெயில் பட்டதும் துணி விழித்துக்கொள்ளும். வெண்முடித் தேசியப் பூங்கா அந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ, அப்படியே சட்டையின் நெஞ்சில் தெரியும்: புல்மேடு, சோலை, மேயும் வரையாடுகள். ஒவ்வொரு சட்டைக்கும் பூங்காவுக்குள் ஒரு கேமரா. மக்கள் உள்ளே போவது நின்று இருபது வருடமாகிறது. வாசல்வரை வந்து ஒரு சட்டை வாங்கித் திரும்புவதுதான் இப்போது சுற்றுலா.

அன்று அவளுக்குக் கை ஓடவில்லை. கேமரா பழுதுபார்க்க முந்தின நாள் உள்ளே போன கணவன் அருளப்பன் திரும்பவில்லை. அவன் வாக்கி-டாக்கியும் பேசவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று முறை ஓடினாள். அதிகாரி திலகன் இரக்கமாகத்தான் பேசினார். இடம் தெரியாமல் தேடுதல் குழுவை அனுப்பச் சட்டம் விடாது என்றார். படத்தில் தேடலாமே என்று கேட்டாள். ஆள்நீக்கி இருக்கிறதே என்றார். மனித உருவத்தைக் கேமராவிலேயே அழித்து, அங்கே புல்லை நிரப்பிவிடும் மென்பொருள் அது. மூலப்படம் அவருக்கே வராது. ஆளில்லாத காட்டைத்தான் ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள்.

கடைக்கு வந்து உட்கார முடியாமல், எல்லாச் சட்டைகளையும் தரையில் விரித்தாள். மண்டியிட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றில் ஆட்டுமந்தை சரிவில் இறங்கியது. வெறும் புல்தரை ஒன்றின் முன்னால் இரண்டாகப் பிரிந்து, தாண்டியதும் சேர்ந்துகொண்டது. அடுத்து வந்த மந்தையும் அங்கேயே விலகியது. சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

"சார், இந்த இடத்துல ஆடு ஒதுங்கிப் போகுது. இங்கதான் இருக்கார்."

மாலைக்குள் அவனைத் தூக்கிவந்தார்கள். கால் முறிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது.

"கேமராவுக்கு நேராத்தான் விழுந்தேன். அழிச்சிடும்னு தெரியும், ஜெசி. இருந்தாலும் கையை ஆட்டிட்டே இருந்தேன்" என்றான்.

அவள் அவன் கையை விடவில்லை. வாசலில் நின்ற சுற்றுலாக்காரர்களின் நெஞ்சில் புல்மேடு பச்சையாக அசைந்தது.

இரண்டு மாதத்தில் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. மந்தை காரணமில்லாமல் பிரிவது பார்க்க நன்றாக இல்லை என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்களாம். இப்போது ஆடுகள் எங்கேயும் விலகாமல் நேராக நடந்தன.

கால் கூடியதும் அருளப்பனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்று ஜெசிந்தா கடை திறக்கவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் முதுகு சோலைக்குள் மறையும்வரை பார்த்தாள். மறைந்த பிறகும் அங்கேயே நின்றாள்.