ஜப்பான் புத்தகமும் ஐஸ் பக்கட்டும்

போன மாதம் கினிகத்தேனை ஏற்றத்தில் றேமண்டின் கார் கொதித்து நின்றுவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்ட ரொஷேல், பார்க்காமலே கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினாள்.

"இன்னொருக்கா கொதிச்சா காரை விக்கிறதுதான்," என்றார் அப்பா றேமண்ட். "மம்மி லீவில வரேக்க பார்க்கலாம்."

அம்மாவுக்கு லீவு கிறிஸ்மஸுக்குத்தான். இப்போது ஓகஸ்ட். பஸ்ஸிலும் போக முடியாது. அவிசாவளை வருமுன்பே அப்பா வாந்தி எடுத்துவிடுவார்.

சனிக்கிழமை காலை இருவரும் தெருமுனையில் ஜாபிரின் கார்ச் சாமான் கடைக்குப் போனார்கள். ரொஷேலின் வாயில் ஐஸ் பக்கட், பிளாஸ்டிக் பையில் உறைந்த ஜூஸ்.

எஞ்சின் சூடேறாமல் ரேடியேட்டருக்குள் ஊற்றும் கூலன்டில் இரண்டு போத்தல்களை ஜாபிர் மேசையில் வைத்தார். "சிவப்பும் ஈக்கி, பச்சையும் ஈக்கி. எது வேணும்?"

அப்பா போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "தண்ணி உறையாம இருக்கப் போடுறதாம். கொழும்பில தண்ணி ஃபிரிட்ஜுக்குள்ள மட்டும்தான் உறையுது. நான் பைப் தண்ணிதான் ஊத்துறனான்."

"அதுதான் கொதிச்சிருக்கு. இது உறையவும் விடாது, லேசில கொதிக்கவும் விடாது."

"அப்ப சிவப்பைத் தாங்க. காருக்குள்ள இருக்கிறதும் சிவப்புத்தான்."

ரொஷேல் ஐஸ் பக்கட்டை வாயிலிருந்து எடுத்தாள். "டடி, அது இரும்பில பிடிச்ச கறள்."

"என்னது?"

"நீங்க ஊத்தினது பைப் தண்ணி. பைப் தண்ணி சிவப்பா?"

ஜாபிருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சரி, பச்சையைத் தாங்க," என்றார் அப்பா.

"கொஞ்சம் பொறுங்க டடி. நேற்று சிவப்பு ஐஸ் பக்கட் குடிச்சனான். இண்டைக்குப் பச்சை. ருசி ஒண்டுதான். கலர் சும்மா சாயம். உள்ளுக்க என்ன இருக்கெண்டு அது சொல்லாது."

"அப்ப யார் சொல்றது?"

"கார் புத்தகம்."

கார் ஜப்பானிலிருந்து வந்தது. புத்தகமும் அப்படியே. அதில் ஒரு எழுத்தும் புரியாததால், ஏசி வேலை செய்யாத நாட்களில் அப்பா அதை விசிறியாகப் பாவித்தார்.

ரொஷேல் அதை எடுத்து வந்து, ரேடியேட்டர் படம் இருந்த பக்கத்துக்கு மேலே அப்பாவின் ஃபோனைப் பிடித்தாள். ஃபோன் மொழிபெயர்த்தது: 'நீண்ட ஆயுள் குளிர்ச்சியாளரை ஊற்றவும். அவருக்கு சிலிக்கேட் வேண்டாம். இயந்திரம் சூடாக இருந்தால் மூடி கோபப்படும்.'

"யார் கோபப்படுறது?" என்று கேட்டார் ஜாபிர்.

"லோங் லைஃப் கூலன்ட் போடணும்," என்றாள் ரொஷேல். "அதில சிலிக்கேட் எண்ட சாமான் இருக்கக் கூடாது. எஞ்சின் ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும்."

ஜாபிர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தல்களின் பொடி எழுத்தைப் படித்தார். சிவப்பில் சிலிக்கேட் இருந்தது. பச்சையில் இல்லை; லோங் லைஃப் என்றும் போட்டிருந்தது.

"இவ்வளவு நாளும் நான் கலரைக் கேட்டுத்தானே குடுத்தன்," என்றார் அவர்.

கார் இரவு முழுக்க வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நின்றதால் எஞ்சின் ஆறியிருந்தது. அப்பா கறள் தண்ணீரை வடித்துக் கழுவி, பச்சையை ஊற்றினார். கீழே சிந்தியதை ரொஷேல் ஒரு சொட்டு விடாமல் துடைத்தாள். அது இனிக்கும், பூனை நக்கினால் செத்துவிடும் என்று போத்தலில் எழுதியிருந்தது. அந்த ஒழுங்கையில் பூனைகள் அதிகம்.

இருவரும் மறுபடி நுவரெலியாவுக்குப் புறப்பட்டார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் அப்பா பாதையைவிட எஞ்சின் வெப்பம் காட்டும் முள்ளைத்தான் அதிகம் பார்த்தார்.

"டடி, வளைவு."

"தெரியும்."

முள் நடுவிலேயே நின்றது. போன மாதம் கொதித்த இடத்தைத் தாண்டும்போது அப்பா ஒருமுறை ஹோர்ன் அடித்தார். அங்கே யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா ஸ்வெட்டரோடு நின்றாள். ரொஷேல் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு எதிர்க் கடையைக் காட்டினாள்.

"செவப்பா, பச்சையா பாப்பா?" என்றார் கடைக்காரர்.

"எதெண்டாலும் சரி."

"இந்தக் குளிரில ஐஸ் பக்கட்டா?" என்றாள் அம்மா.

"விடு மாக்ரெட்," என்றார் அப்பா. "இவள் உறைய மாட்டாள்."