ழ வராதவர்

ட்ரிங்... ட்ரிங்...

போலி மருந்து விற்றுக் குழந்தைகளைச் சாகடித்தவன், கோர்ட்டிலிருந்து விடுதலையாகிச் சிரித்தபடி வீடு வந்தவன், போனை எடுத்தான்.

"யாரு?"

"உன்னைப் பளி வாங்க வந்திருக்கேன்."

"பள்ளியா? நான் ஸ்கூல் எதுவும் விக்கலையே..."

மறுமுனையில் பெருமூச்சு.

"பளிடா. பளிக்குப் பளி. கதவைத் திற, நேர்லயே சொல்றேன்."

அதுதான் அவன் கேட்ட கடைசிப் பேச்சு.

சட்டம் விட்டுவிட்டவர்களைத் தேடிப்போய் முடிக்கும் அந்த ஆசாமி, பகலில் சலவைக்கடைக்காரர். இதுவரை மூன்று கொலை. பிணத்தின் காலரை நீவி, சட்டையில் சுருக்கம் இல்லாமல் படுக்க வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். வேலை சுத்தம். நாக்குதான் சுத்தமில்லை... 'ழ' வராது.

மறுநாள் காலை.

இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விட்டது. மனைவியின் தம்பி கடைக்குள் நுழைந்தான். இன்ஸ்பெக்டர். கையில் ஒரு வாழைப்பழம்.

"மாமா, செத்தவன் போன்ல கொலைகாரன் பேச்சு பதிவாகியிருக்கு. வாயைத் துணியால பொத்திப் பேசியிருக்கான். ஆனா அவனுக்கு 'ழ' வரல. அதான் வீடு வீடா டெஸ்ட். இது என்ன, சொல்லுங்க."

சலவைக்காரரின் முதுகு நனைந்தது.

"பனானா."

"தமிழ்ல."

"இதுகூடத் தெரியாமலா உன்னை இன்ஸ்பெக்டர் ஆக்கினாங்க?"

"சரி, ஆறுக்கு அப்புறம்?"

"எட்டு."

"நடுவுல ஒண்ணு இருக்கே?"

"அது எனக்கு ராசியில்ல, மாப்ளே."

"வானத்துலேர்ந்து கொட்டுமே?"

"தூறல்."

"பலமா கொட்டினா?"

"பலமான தூறல்."

உள்ளிருந்து அவர் மனைவி வந்தாள். "ஏன்டா தம்பி, மனுஷனை வேலை செய்ய விடாம... மளை வருது, துணியெல்லாம் வெளில காயுது! அந்த வாளப்பளத்தை இப்படிக் குடு."

சலவைக்காரர் பாய்ந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"மாப்ளே... உங்கக்கா பாவம்! அவளுக்கு ஒண்ணுமே தெரியாது!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினான்.

"எது தெரியாது, மாமா?"

சலவைக்காரர் மடித்த சட்டையையே மறுபடி மடித்தார்.

"தெரு முழுக்க எல்லாரும் கூசாம 'வாளப்பளம்'னுதான் சொன்னாங்க. என் மேலதிகாரி உட்பட. தனக்கு 'ழ' வராதுன்னு பயந்து ஒளிச்சது நீங்க ஒருத்தர்தான்."

மேஜை மேலிருந்த கைக்குட்டையை எடுத்து அவர் வாயில் பொத்தினான்.

"இப்ப 'பழி' சொல்லுங்க."

"...பளி."

அதே குரல். மனைவியின் கையில் பாதி உரித்த பழம் அப்படியே நின்றது.

"அடப்பாவி மனுஷா... அப்ப ராத்திரி ராத்திரி டெலிவரின்னு போனது?"

"டெலிவரிதான். மேலோகத்துக்கு."

விலங்கு கிளிக்கென்றது.

"எனக்கு என்ன கிடைக்கும், மாப்ளே?"

"ஆயுள் தண்டனை."

ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆயுள்... அப்பாடா. குண்டு 'ள'தான்!"