விருந்தாளித் தண்ணீர்

எட்டு வயது கிருபாசங்கரைப் பல் விளக்குவதில் மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை. ஆனால் அதை நம்பத்தான் ஒருவரும் இல்லை, அவன் அக்கா புவனாவைத் தவிர.

எப்படி நம்புவார்கள்? போன வருஷம் முளைத்த முன்பற்கள் இரண்டிலும் பழுப்புப் பழுப்பாகக் கோடுகள்! வகுப்பில் "காவிப்பல்லா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அக்கா பல்லைப் பாரு, முல்லை மொட்டாட்ட இருக்குது. உனக்கு மட்டும் ஏண்டா இப்படி?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

"சத்தியமா வெளக்கறனுங்கம்மா!"

"பொய் வேற!"

அவர்கள் தோட்டம் வெள்ளகோவிலிலிருந்து மூன்று மைல் தள்ளி இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. தண்ணீரைப் பரிசோதிக்க ஓர் ஆபீசர் வருகிறார், இரண்டு நாள் இருப்பார், கிணறோ போரோ இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டு வர வேண்டும். அம்மாவே பாட்டிலைக் கழுவி நிரப்பி, 'தம்பிதுரை தோட்டம்' என்று அப்பா பேரை ஒட்டிக் கொடுத்தாள்.

ஆபீசர் பெயர் ஷேக் பரீத். மூக்குக் கண்ணாடி நழுவ நழுவப் பேசுகிறவர்.

"பூமிக்கடியில பாறையில ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு இருக்கும். ஆழமா போர் போட்டா, தண்ணியோட அதுவும் வந்துரும். அளவுக்கு மீறி இருந்தா, பல்லு ஈறுக்குள்ள உருவாகுற சின்ன வயசுல அதைக் குடிச்ச பிள்ளைங்களுக்கு, முளைக்கிற பல்லுல பழுப்பாக் கோடு விழும்" என்றார் அவர்.

புவனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட, இது தம்பி கதையாச்சே!

அவள் முறை வந்தது. ஆபீசர் கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறி அப்படியே நின்றது.

"மஞ்சளாச்சுன்னாத்தான் ஆகாது. இது அருமையான தண்ணி!"

"அப்புறம் என் தம்பி பல்லுல மட்டும் ஏனுங்க பழுப்புக் கோடு?"

"இந்தத் தண்ணியைக் குடிக்கிற பையனா? ஒழுங்கா விளக்கச் சொல்லும்மா."

புவனாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. தம்பிக்குச் சாட்சி சொல்லப் போய், அவனை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டதே!

ஆபீசர் சொன்னது அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, வீடு வரைக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் கிருபாவைக் காணவில்லை. தேடிப் போனால், மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து செங்கல் தூளால் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஈறு கிழிந்து விரலெல்லாம் ரத்தம்.

"இன்னும் கொஞ்சம் தேச்சாப் போயிருமுங்க்கா" என்று அழுதான்.

புவனா தூளைத் தட்டிவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அம்மாவோ நல்ல குஷியில் இருந்தாள்.

"ஆபீசர் நம்ம தண்ணிய அருமைன்னாராமே? பின்னே! சிறுவாணித் தண்ணியாச்சே!"

"என்னது?"

கோயமுத்தூர் மில்லில் வேலை பார்க்கும் மாமா, வரும்போதெல்லாம் ருசிக்குப் பேர்போன சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் ஒரு கேன் கொண்டு வருவார். அதை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அது விருந்தாளிகளுக்கு!

"ஆபீசர் ஒரு வாய் குடிச்சுப் பார்க்க மாட்டாரா? அப்பா பேரை ஒட்டிப்போட்டு, நம்மூட்டுச் சப்புத் தண்ணியக் குடுத்தா மானம் போயிராதா கண்ணு?"

புவனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அய்யோ அம்மா! அவரு குடிக்க வரலீங்க, சோதிக்க வந்திருக்காருங்க! நம்ம போர் எப்பங்க போட்டது?"

"தம்பி பொறந்த வருசம். நீ கொழந்தையா இருந்தப்ப அந்தப் பழைய கெணத்துத் தண்ணிதான்…"

அம்மா பாதியில் நிறுத்தினாள். புவனாவின் பல்லைப் பார்த்தாள். கிருபாவின் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு ரெண்டு பாட்டில் கொண்டுட்டுப் போறனுங்கம்மா. போர்ல ஒண்ணு, கெணத்துல ஒண்ணு."

"முந்திக் குடுத்தது நம்ம தண்ணியில்லைன்னு சொல்லோணுமே சாமி?"

"நான் சொல்லிக்கறனுங்க. சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாரு."

ஆபீசர் சிரிக்கத்தான் செய்தார். கண்ணாடி மூக்கிலிருந்து கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அதானே! இந்தப் பக்கத்துல இப்படி ஒரு தண்ணியான்னு எனக்கே சந்தேகம். ஆனா நீ வந்து உண்மையைச் சொன்னே பாரு, அது பெரிய காரியம்மா."

போர்த் தண்ணீரில் சிவப்பு மருந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு வெளுத்து, குழாய் முழுக்க மஞ்சள்!

"அக்கா, மஞ்சளு! மஞ்சளு!" என்று கிருபா குதித்தான். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவன்கூட அப்படிக் குதித்திருக்க மாட்டான்.

அடுத்தது கிணற்றுத் தண்ணீர். இதுவும் மஞ்சளானால் குடிப்பது எதை? புவனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நிறம் மாறவே இல்லை.

"இதைக் காய்ச்சிக் குடிங்க. போர்த் தண்ணி துணி துவைக்க, தென்னைக்குப் பாய்ச்ச. பல்லுக் கறையைப் பின்னால டாக்டர்கிட்டக் காட்டிக் குறைச்சுக்கலாம். இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, ஆபீசர் கிருபாவின் தோளில் தட்டினார். "உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா."

அப்பாடா! புவனாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. வீடு வரைக்கும் இருவரும் ஓட்டமாக ஓடினார்கள்.

எல்லாவற்றையும் கேட்ட அம்மா, கிருபாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"நெசத்தச் சொன்ன புள்ளயப் பொய்யன்னு சொல்லிப்போட்டேன். அம்மா மேல கோவமா தங்கம்?"

கிருபா யோசித்தான். இப்படி ஒரு வாய்ப்பு இனிமேல் கிடைக்குமா?

"கோவந்தானுங்க. நாளைக்கு ஒரு நாள் பல் வெளக்காம உட்டா, கோவம் போயிருமுங்க."

"அடப் போக்கிரி! சரி, உட்டேன் போ."

மறுநாள் காலை எழுந்ததும், கை தானாகப் பிரஷ்ஷைத் தேடிப் போய்விட்டது. பாதி விளக்கிய பிறகுதான் கிருபாவுக்கு ஞாபகமே வந்தது. அந்தப் பக்கம் வந்த அம்மா, தினமும் சொல்வதுபோல வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு, கொப்பளிக்க அவன் கையில் ஊற்றினாள்.