வற்றிய குளத்தில் வலைச் சத்தம்

சளார்!

வலை விழும் சத்தம். பானையைச் சரித்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்த நதீராவின் கை அப்படியே நின்றது. கொதிக்கும் கஞ்சி விரலில் வழிந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

வீச்சுவலை தண்ணீரில் விழுந்தால் ஈயக்குண்டுகள் எல்லாம் ஒன்றாகத் தொடும். ஒரே சத்தம்தான் வரும். இந்தச் சத்தத்துக்கு ஒரு வால் இருந்தது. சளார் என்று விரிந்து, அரை மூச்சுக்குப் பிறகு ‘டுப்’ என்று தனியாக ஒன்று. அறுந்துபோன ஈயத்துக்குப் பதிலாக உழவு மெஷினிலிருந்து கழற்றிய நட்டு ஒன்றைக் கட்டிய வலை அது. பொத்துவில் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வலை ஒருத்தரிடம்தான் இருந்தது. அவளுடைய புருசனிடம்.

“ராத்தா, கேட்டீங்களா?”

வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த கூடப்பிறந்த மூத்தவள் நஸ்லா நிமிரவில்லை. “கச்சான் காத்துக்குத் தென்னோலை விழுந்திரிக்கும். வலை வீசக் குளத்துல தண்ணி எங்ககா இரிக்கி?”

வீட்டுக்குப் பின்னால் வயல். வயலுக்கு அப்பால், கல்மலைகளின் காலடியில், மலையடிக்குளம். சில மாரிகளுக்கு முன், மழை கொட்டிய ஒரு பின்னேரம், குளம் நிரம்பி வான் பாய்கிறது, மீன் ஏறும் என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர் முனாப். சைக்கிள் குளக்கட்டில் கிடந்தது. ஆளும் இல்லை, வலையும் இல்லை. சுழியோடிகள் இறங்கித் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள். பொலிஸில் பெயர் கேட்டபோது நஸ்லாதான் சொன்னாள். புருசனின் பெயரை வாயால் சொல்லி நதீராவுக்குப் பழக்கமில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ‘இஞ்சாருங்க’தான்.

மையத்தை, அவருடைய உடலை, காணாததால் அவள் விதவைக்குரிய இத்தாவும் இருக்கவில்லை. வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்தால், அவர் மௌத்தென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒவ்வொரு பகலும் ஒரு பீங்கானில் அவருக்குச் சோறு போட்டு மூடி வைத்தாள். மகள் ஸம்றாவிடம் “வாப்பா வருவார்” என்றாள். வாப்பா போன நேரம் ஸம்றா தவழ்ந்துகொண்டிருந்தாள், முகம் தெரியாது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய ஒரு போட்டோ மட்டும்தான். அதனால் வேலிப் படலையில் எந்த ஆம்பிளை வந்து நின்றாலும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, “இவரா உம்மா?” என்பாள்.

“நேத்து மீன் விக்க வந்த கிழவனையும் கேட்டுட்டாள்” என்றாள் நஸ்லா. “அந்தாள் வெக்கத்துல நாலு மீன் கூடப் போட்டுட்டுப் போறான். சிரிப்புத்தான். ஆனா எத்தின நாளைக்கு, புள்ள? குளம் அடிகாட்டிட்டு. இண்டைக்குப் போய்ப் பாரு. எலும்பொண்டாவது கிடைச்சா அடக்குவம். நீயும் இத்தாவ முடிச்சிட்டு மனிசியா எழும்பு.”

நதீரா பின்னேர அஸர் தொழுதுவிட்டு, அலுமாரியிலிருந்து முனாப்பின் பழைய சாரனை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எலும்பு கிடைத்தால் சுற்றுவதற்கு.

ஒரு வெத்திலை போட்டுத் துப்பும் தூரம்தான் குளம். ஆனால் அன்றைக்கு வழி நீண்டது. கச்சான் மலைப்பக்கமிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல் வீசி, அறுவடை முடிந்த வயலின் வைக்கோல் துரும்புகளைக் காலோடு உரசிக்கொண்டு போனது. வாய்க்காலில் சேறு பாளமாய் வெடித்துக் கிடந்தது. எங்கோ ஒரு செண்பகம் கூவத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது.

குளக்கட்டில் கோமாரியூர்ச் சுதன் எருமைகளோடு நின்றான். இந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவன். முனாப்போடு பல நாள் மீன் பிடித்தவன்.

“எங்க தங்கச்சி, இந்த வெயிலுக்குள்ள? யானை கண்டா ஓடவும் மாட்டாய் நீ.”

“சும்மா பாக்கத்தான் அண்ணன். யானை வருதா?”

“நேத்து வந்திச்சு. காட்டுக்குள்ள எங்கயும் தண்ணியில்ல. ஆனா குடிக்கல்ல. இதுல நிண்டு தும்பிக்கைய நீட்டி மணந்து பாத்திட்டு அப்படியே திரும்பிட்டு.” அவன் சிரிக்க முயன்றான். “என்ட எருமையளும் இறங்குதில்ல. மாட்டுக்குச் சேறு எண்டா உசிரெல்லோ? குளம் வத்தினா அடியில கிடக்கிறதெல்லாம் மேல வரும், தங்கச்சி. உன்ட புருசன் மட்டுமா இதுக்குள்ள? குளிக்க வந்த பொடியன்கள், சண்டைக்காலத்துல ராவோட ராவாக் கொண்டுவந்து போட்ட ஆக்கள்…”

அவன் நிறுத்திவிட்டு, தூரத்தில் தனியே நின்ற எருமையைப் பார்த்து, “ராணீ! ஏய் ராணி!” என்றான். அது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. மற்றவை அசையவில்லை.

“பேர் வச்சிருக்கிறீங்களா, அண்ணன்?”

“பின்ன? சும்மா ‘வா வா’ எண்டா எல்லாம் வந்து நிக்கும். எது எதெண்டு நான் பிரிக்கிறதா?”

நதீரா குளக்கட்டிலிருந்து இறங்கினாள்.

வெடித்த சேறு காலடியில் அப்பளம்போல் நொறுங்கியது. பட்ட மரங்கள் கறுப்பாய் நின்றன. நடுவில் மிஞ்சியிருந்த தண்ணீர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டிடம் அளவுக்கு மட்டும், அசையாமல், எண்ணெய்போல் மினுங்கியது. கொக்கு ஒன்றுகூட இல்லை. செத்த மீன் நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாடை. மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அது.

தண்ணீர் ஓரத்தில் ஒரு மரக்குற்றியில் வலை தொங்கியது.

அவள் கிட்டப் போனாள். ஈயம், ஈயம், ஈயம். பிறகு துருப்பிடித்த நட்டு. அவருடைய கையால் போட்ட முடிச்சு. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, வலை ஈரமாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு விரால். செவுள் திறந்து மூடியது.

உயிரோடு.

எலும்பு பொறுக்க வந்ததை நதீரா அந்தக் கணமே மறந்துபோனாள். இப்போதுதான் வீசியிருக்கிறார். இங்கேதான் இருக்கிறார். சாரனை எடுத்துக் குற்றியின்மேல் விரித்துப் போட்டாள். நனைந்து வருகிறவருக்கு மாற்றுடுப்பு.

தண்ணீரைப் பார்த்து ஸலாம் சொன்னாள். பிறகு, வழக்கமாய்க் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்க… வாங்க, வீட்ட போவம்.”

கச்சான் நின்றது.

தண்ணீரின் நடுவில் ஒரு வளையம் எழுந்து கரைக்கு வந்து அவள் பெருவிரலைத் தொட்டது. குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. நெடுநேரம் நின்று பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. அழுகை வந்தது. திரும்பி நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால், துணியை உதறும் சத்தம்.

பிறகு, சேறு நொறுங்கியது.

அவள் நடந்தால் அது நடந்தது. நின்றால் நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பார்த்தால் இல்லாமல் போய்விடுவார் என்ற பயம் ஒரு பக்கம். பார்த்தால் இருப்பார் என்ற பயம் மறுபக்கம்.

“ஸம்றா இப்ப நல்லாக் கதைப்பாள்” என்றாள், முன்னால் பார்த்தபடியே. “உங்களப் போலத்தான் பிடிவாதம். சோறு மூடித்தான் வச்சிருக்கன்.”

பின்னால், தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். சொட்டுகள் அதிகம். ஒரு மனிசனில் இவ்வளவு தண்ணீர் தங்குமா?

குளக்கட்டில் ஏறியபோது எருமைகள் தலையைத் தூக்கின. அடுத்த கணம் வாலைக் கிளப்பிக்கொண்டு ஓடின. சுதன் ஓடவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை, அவளுக்குப் பின்னால் பார்த்தான். கம்பு கையிலிருந்து விழுந்தது. வாய் திறந்திருந்தது. நதீரா “அண்ணன்” என்றாள். அவன் பின்னோக்கி நடந்து, கட்டின் மறுபக்கத்தில் இறங்கி மறைந்தான்.

வயல் வரம்பு. வெயில் முதுகில். அவளுடைய நிழல் முன்னால் நீண்டு கிடந்தது. அது மட்டும்தான் கிடந்தது.

காலடி கேட்டது. கனமான காலடி. அதற்கு இடையில் இழுபட்டுவரும் இன்னொன்று. அவர் நொண்டுகிறவர் இல்லையே. பிறகு, சின்னதாய், ஓடி ஓடிப் பிடிக்கிற காலடி. குழந்தை ஓடுவதுபோல. காற்று, என்றாள் தனக்குள். காற்று நின்று நெடுநேரமாகியிருந்தது.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு எழுந்தது. காலடிகள் நின்றன. அல்ஹம்துலில்லாஹ், என்று மூச்சை விட்டாள்.

பாங்கு முடிந்தது.

காலடிகள் தொடங்கின. கிட்ட. மிகக் கிட்ட. கழுத்தில் கிணற்று வாடை.

சுதன் எருமையைக் கூப்பிட்டது திடீரென்று நினைவில் வந்தது. அவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘முனாப்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். பழக்கமில்லாத நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

படலை.

ஸம்றா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் நஸ்லா, விளக்குச் சுவிட்சில் வைத்த கை வைத்தபடி. அவள் கதறவில்லை. கதற முடியாத முகம்.

“புள்ள, உள்ளுக்குப் போ” என்றாள் நதீரா. சத்தம் வரவில்லை.

ஸம்றாவின் கண்கள் உம்மாவைத் தாண்டிப் போயின. ஓரிடத்தில் நிற்கவில்லை. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போயின. மேலே ஏறின, கீழே இறங்கின. மீண்டும் முதலிலிருந்து, பொறுமையாய், போட்டோவில் பார்த்த முகத்தைத் தேடின. பிறகு அவள் குழம்பிப்போய் உம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“உம்மா, இதுல ஆரு வாப்பா?”