இடப்பக்கத்து வெள்ளைப் புள்ளி

படத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் கண்ணை மூடியிருந்தாள்.

கிருபாபாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே நின்று படம் பிடிக்கக் கூச்சப்பட்டு, துணிப்பையில் ஓட்டை போட்டு, உள்ளே கேமராவை வைத்துப் பார்க்காமலேயே அமுக்குகிறவள் அவள். பஸ் ஸ்டாண்டில் விழுந்தது விழுந்தபடி வந்த படம் இது. திருவேங்கடம் போகும் பஸ்ஸின் நிழல், கூரைத் தூண், ஓர் ஆட்டின் கழுத்துக் கயிறு என்று எல்லாக் கோடுகளும் சாய்ந்து சாய்ந்து ஒரே இடத்தில் போய் முடிந்தன. கடலை விற்கும் மாடத்தியின் மூடிய கண்களில்.

"திட்டம் போட்டு எடுத்தாக்கூட இப்படி அமையாதும்மா," என்றார் ஸ்டுடியோ முதலாளி மன்சூர் அலி. "குருட்டாம்போக்குல அடிச்சிட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கியே!"

வியாழக்கிழமை மாடத்தி இறந்துபோனாள். நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கட்டி, மன்சூர் அலி படமெடுத்து வந்தார். சுவரில் மாட்டும் படத்தில் கண் திறந்திருக்க வேண்டும் என்பார்கள் வீட்டார். பி.எஸ்ஸி. வேதியியல் படித்த கிருபாபாய்க்கு ஸ்டுடியோவில் அதுவும் வேலை. மெல்லிய தூரிகையால் கருவிழி வரைவாள். பிளேடு முனையால் அதில் ஒரு வெள்ளைப் புள்ளி சுரண்டுவாள். அந்தப் புள்ளிதான் உயிர்.

"வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வையி. போன தடவை மாதிரி மாத்தி வச்சிராத. பொம்மை முழிக்க மாதிரில்லா இருந்துச்சு," என்றார் மன்சூர் அலி.

அவளுடைய அடுத்த பிலிம் சுருளில் ஒரு சலூன் கண்ணாடி. கண்ணாடிக்குள் நாலு பேர் சிரிக்க, நடுவில் நாவிதர் பரமசிவன் மட்டும் கண்மூடி நின்றார். மூன்றாம் நாள் அவருக்கும் கண் வரைந்தாள்.

தற்செயல், என்று சொல்லிக்கொண்டாள். கூட்டத்தில் யாராவது இமைக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் பையை ஆணியில் மாட்டிவிட்டாள். கேமராவில் எடுத்து முடித்த சுருள் ஒன்று கிடந்தது. நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் மதியம், மன்சூர் அலி தொழுகைக்குப் போனதும், இருட்டறைக் கதவைச் சாத்தினாள்.

சிவப்பு பல்பு. படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டில் வெள்ளைக் காகிதம் மெல்லக் கறுத்து, கீழ ரதவீதி எழுந்து வந்தது. ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். அதன் வட்டத்துக்குள் அளந்து வைத்தாற்போல ஒரு குடை. வலப்பக்கம் வெயில். குடைக்குக் கீழே ஒரு முகம்.

அம்மா.

கண் மூடியிருந்தாள்.

சொட்டுச் சத்தம் நின்றுபோனது போலிருந்தது. காலையில் அம்மா தன் கையால் இட்லி வைத்தாளே. இன்னும் நேரம் இருக்கிறது. இருக்க வேண்டும். மின்விசிறிக்கு முன் படத்தைப் பிடித்தாள். காய்ந்தும் காயாமலும் தூரிகையை எடுத்தாள். ஒரு கருவிழி. இன்னொன்று. பிளேடு. ஒரு சுரண்டல். இன்னொன்று.

கண் திறந்துவிட்டது. ஓடினாள்.

அம்மா சன்னலோரம் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை அசைந்தது. மூச்சு இருந்தது. கிருபாபாய் வாசலிலேயே அழுதுவிட்டாள்.

"ஏட்டி, என்னத்துக்கு அழுத? இங்கன வா," என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தி. "கொஞ்ச நேரமா கண்ணு மூட மாட்டேங்கு மக்கா. தூசி விழுந்திருக்கானு பாரு."

கிட்டே போய்க் குனிந்தாள். ஓர் ஈ பறந்து வந்து அம்மாவின் கருவிழி மேல் உட்கார்ந்தது. நடந்தது. அம்மா இமைக்கவில்லை.

சன்னல் வலப்பக்கம் இருந்தது. வெயில் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

அம்மாவின் முகத்தைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். பிறகு இருட்டுப் பக்கம்.

இரண்டு கண்ணிலும், சுரண்டி வைத்த வெள்ளைப் புள்ளி, இடப்பக்கமே நின்றது.