'சரியில்லை' என்று ஒரு பட்டன்

மழைக்கு அன்றைக்கென்று என்ன அவசரமோ... அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொட்டித் தீர்த்தது. லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி ஓடினாள். எதிரே குடையோடு வந்தவன் மேல் மோதினாள். மூக்குக்கண்ணாடி எகிறிக் கீழே விழுந்தது. அடுத்த நொடி... நறுக்!

"ஐயையோ... மிதிச்சிட்டேனா?" என்றது உயரமான ஒரு மங்கல்.

"மிதிச்சிட்டுக் கேள்வி வேறயா? கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது. இப்ப உங்களுக்குத்தான் தெரியல. வாங்க, இதோ என் கடை. கண்ணாடிக்கடைதான்."

"ஓ... இப்படித்தான் கஸ்டமர் பிடிப்பீங்களா?"

"மழைக்காலத்துல மட்டும்!"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது.

உடைந்த துண்டை மிஷினில் வைத்துப் பவர் பார்த்தான். புது லென்ஸை அறுத்து, குட்டி ஸ்க்ரூ முடுக்கி, ஈரத் துணியால் துடைத்து, தானே அவள் காதோரம் மாட்டிவிட்டான். உலகம் சட்டென்று தெளிந்தது... முதலில் தெரிந்தது இரண்டு கண்கள். மழையில் கழுவிய இலை மாதிரி, அப்படி ஒரு பளிச்!

"தெளிவா தெரியுதாங்க?"

அவளுக்குப் பேச்சே வரவில்லை. வாயாடி என்று வீட்டில் பட்டம் வாங்கியவள், ஐயா!

நல்லவேளை, அதற்குள் ஒரு பெரியவர் வந்து சத்தம் போட்டார். அவருடைய கண்ணாடி எந்தத் தட்டில், யார் மேஜையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அளவெடுப்பவர் லென்ஸ் அறுப்பவரைக் கேட்டார், அவர் ஃபிரேமில் மாட்டுபவரைக் கேட்டார். கடையே தேடியது.

"நான் படிக்கிறதே இதுக்குத்தான்" என்றாள் அவள். "ஒரு வேலை ஒருத்தர் கையில முடிஞ்சதும், அடுத்தவர் ஸ்கிரீனுக்குத் தானாப் போகும். எது எங்க நிக்குதுன்னு பார்த்தாலே தெரியும். அந்த மாதிரி புரோகிராம். கோர்ஸ் முடிக்க நிஜமான ஒரு கடைக்குப் பண்ணிக் காட்டணும். உங்க கடைக்கே பண்ணட்டுமா?"

பண்ணித்தான் ஆக வேண்டும். தேறவில்லை என்றால் சித்தப்பா கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

தினமும் சாயங்காலம் வந்தாள். கட்டங்கள் வரைந்தாள், அம்புகள் போட்டாள். அளவு, அறுப்பு, மாட்டல், சோதனை, டெலிவரி... ஒவ்வொன்றிலும் 'சரி' என்று ஒரு பட்டன், 'சரியில்லை' என்று ஒரு பட்டன். 'சரி'யை அழுத்தினால் ஆர்டர் ஜம்மென்று அடுத்த ஆளுக்குப் போனது. கடையே கைதட்டியது. அவன் கண்கள் மட்டும் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை அவள் உள்ளே நுழைந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. சோதனையில் ஒரு லென்ஸில் கீறல்... அவன் 'சரியில்லை'யை அழுத்தியிருக்கிறான். அவ்வளவுதான், ஆர்டர் எல்லா ஸ்கிரீனிலிருந்தும் மாயம்! கண்ணாடி தட்டிலேயே கிடக்க, அதை வாங்க வந்த டீச்சரம்மா பாடம் நடத்த வழியில்லாமல் நின்றார்.

"உங்க புரோகிராம்ல எல்லாரும் 'சரி'ன்னு மட்டும்தான் சொல்லணுமா? எங்க தொழில்ல பாதி வேலை சரியில்லைன்னு சொல்றதுதாங்க!"

நாலு பேர் முன்னால்! அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்ப வேற ஆளைப் பாருங்க. இனிமே இந்தப் படியை மிதிக்க மாட்டேன்!"

வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாள். எல்லா அம்பும் முன்னாலேயே போனது. 'சரியில்லை'யிலிருந்து கிளம்பிய அம்பு நேராக 'முடிந்தது' என்ற கட்டத்தில் போய் விழுந்தது. அட மக்கே... ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னால் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டேனே!

"என்ன வாலு, மூஞ்சி தொங்குது?" என்றார் அப்பா. "சித்தப்பாகிட்ட சொல்லிடவா?"

"ஒண்ணும் வேணாம்!"

எந்தக் குறை யாரிடம் திரும்ப வேண்டும்? அது அவனுக்குத்தான் தெரியும். ரோஷமா, படிப்பா? ராத்திரியெல்லாம் புரண்டாள். ரோஷம் தோற்றது... சரி, மறைப்பானேன், அந்தக் கண்களும் கொஞ்சம் இழுத்தன.

"படியை மிதிக்க மாட்டேன்னீங்க?" என்றான் அவன், மறுநாள் கடையில்.

"மிதிக்கல. தாண்டி வந்தேன்."

அவன் சிரிக்கவில்லை. "நாலு பேர் முன்னாடி கத்தினது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

"அம்பைத் திருப்பாம விட்டது என் தப்பு. சொல்லுங்க, கீறல் விழுந்தா யாருகிட்டப் போகணும்?"

"அறுக்கிறவர்கிட்ட. லூசா இருந்தா மாட்டுறவர்கிட்ட. பவரே தப்புன்னா மறுபடி அளவு."

புராஜெக்ட் நாள். ஹால் நிறையக் கூட்டம், கடைசி வரிசையில் அப்பா. லென்ஸ் அறுப்பவராக நடிக்க அவனே வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம் கண்டிப்புக்குப் பேர்போனவர். மூணு கட்டத்தில் 'சரி' அழுத்திவிட்டு, சோதனையில் நின்று அவளை ஒரு பார்வை பார்த்தார். 'கீறல்' என்று காரணம் போட்டார்.

'சரியில்லை'.

டிங்! ஆர்டர் காரணத்தோடு அவன் ஸ்கிரீனில் வந்து நின்றது. அவன் கட்டைவிரலை உயர்த்தினான். மேடம் விடவில்லை... லூஸ் என்றார், பவர் தப்பு என்றார். ஒவ்வொரு முறையும் போக வேண்டிய இடத்துக்கே போய், சரியாகி, டெலிவரிக்கு வந்தது.

"நான் இதை அழுத்தினா எல்லாப் புராஜெக்டும் செத்துப்போகும்" என்றார் மேடம். "உன்னோடது எழுந்து நிக்குதும்மா. எங்க கம்பெனிக்குத் திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு!"

முதலில் எழுந்து கைதட்டியது அப்பா. சித்தப்பா கல்லாவுக்கு வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்!

வெளியே தூறல். அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். ஜெயித்த தெம்பில் அவள் சொல்லியேவிட்டாள்.

"அன்னிக்குத் தெளிவா தெரியுதான்னு கேட்டீங்களே... தெரிஞ்சுது. அதான் பேச்சு வரல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

"சரியில்லைங்க."

அவள் மனசு தொப்பென்று விழுந்தது.

"முதல்ல நான்ல சொல்லியிருக்கணும்? அதனால திருப்பி அனுப்புறேன். கண்ணாடியை மிதிச்ச அன்னிக்கே உங்களைப் பிடிச்சுப்போச்சு. ஆயுசு முழுக்க உங்ககூட இருக்கணும்னு ஆசையா இருக்கு... இப்பச் சொல்லுங்க."

"பிடிச்சிருக்கு!" என்று கத்தியே விட்டாள். "பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு!"

பின்னால் ஒரு கனைப்பு.

"எனக்குக் கண்ணுதான் மங்கல் வாலு, காது நல்லாவே கேக்குது" என்றார் அப்பா. "தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டு வா. பவர் பார்க்கணும்."