செவலை ஈனும் தேதி

விடிந்ததும் விடியாததுமாகப் பேச்சித்தாய் ஆரம்பித்துவிட்டாள்.

“ஏட்டி பிரித்திகா, ஏழேகால் பஸ்ஸ விட்டன்னா பரீட்சை போச்சு பாத்துக்கோ! இந்தா மாரிசெல்வி... அவளுக்குச் சோத்தக் கட்டிக் குடுத்துட்டுக் களைவெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு. ஈரம் காயுததுக்குள்ள உளுந்துக்காட்டுல பாதியாவது முடிக்கணும்.”

மாரிசெல்வி தயிர்ச் சோற்றின் ஓரத்தில் மிளகாய் வற்றலை வைத்து டப்பாவை மூடினாள். பதினைந்து நாளைக்கு முன்பு வரை இரண்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். இன்று கோவில்பட்டிக் கல்லூரியில் பி.சி.ஏ. முதல் பருவத்துக் கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வு. நாத்தனாருக்கு மட்டுமல்ல, அவளுக்கும்தான்! ஆனால் அவளுடைய ஹால் டிக்கெட் மாமியார் பேச்சித்தாயின் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

பிரித்திகா டப்பாவை வாங்கும்போது அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. “வாரேன் மைனி” என்று முணுமுணுத்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கரிசல் சகதியில் இறங்கி ஓடினாள்.

இந்தப் பிரித்திகாதான் போன ஜூன் மாதம் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்தவள். “மைனி பிளஸ் டூவுல என்னைய விட நூறு மார்க்கு கூட. அவுகளும் வந்தாத்தான் நானும் காலேஜுக்குப் போவேன்!” என்று ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆட்டுப் புழுக்கை அள்ளிக்கொண்டிருந்த மாரிசெல்விக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நன்றியை அவள் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்!

அவள் கணவன் சுந்தரபாண்டி புதியம்புத்தூரில் தங்கி ரெடிமேடு துணி வெட்டுகிறவன். தங்கைக்கும் மனைவிக்கும் பொதுவாக ஒரு லேப்டாப் வாங்கினான். கடைக்காரர், “லேப்டாப்புக்குள்ள யார் பேரு பதியணும்?” என்று கேட்டபோது பேச்சித்தாய் முந்திக்கொண்டாள். “எம் மவ பேரப் போடுங்க அண்ணாச்சி!” அந்த வீட்டில் எது வாங்கினாலும் அப்படித்தான். மருமகள் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி.

கல்லூரியில், வீட்டுக்குப் பயன்படுகிற மாதிரி எக்செல்லில் ஓர் அட்டவணை செய்துவரச் சொன்னார்கள். மாரிசெல்வி லீவு விட்ட நாலு நாளும் மத்தியான வேளையில், மேய்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்த மாமியாரிடம் ஒவ்வொரு ஆட்டையும் பற்றிக் கேட்டாள். செவலை எப்போது கிடாயோடு சேர்ந்தது, வெள்ளைக்காதி எப்போது, மயிலை எப்போது... மருமகள் ஏதோ பேச்சுக்குக் கேட்கிறாள் என்று பேச்சித்தாயும் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள். அந்த நாளைப் போட்டால் எந்த ஆடு என்றைக்கு ஈனும் என்று தானாகக் காட்டுகிற அட்டவணையாக அது முடிந்தது. பிரித்திகாவோ அந்த நாலு நாளும் போனில் வீடியோ பார்த்தே கழித்தாள். கடைசி நாள் காலையில் மதினிக்குத் தெரியாமல் அதையே எடுத்துத் தன் பெயரில் அனுப்பிவிட்டாள்.

கம்ப்யூட்டர் லேபில் சதீஷ்குமார் சார் இரண்டையும் திறந்து வைத்து, இருவரையும் கூப்பிட்டு மாரிசெல்வியிடம் கேட்டார்.

“ஃபைலை யார் உருவாக்குனாங்கன்னு கம்ப்யூட்டரே பதிஞ்சு வச்சிரும்மா. ரெண்டுலயும் பிரித்திகா பேருதான் இருக்கு. அப்ப நீதான் அவகிட்டருந்து எடுத்திருக்க. என்ன சொல்லுத?”

மாரிசெல்வி திரும்பிப் பார்த்தாள். பிரித்திகா கண்ணாலேயே கெஞ்சினாள். ஏதாவது ஒரு புகார் வந்தால் போதும், படிப்பை நிறுத்தித் தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று பேச்சித்தாய் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மாரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். அட்டவணைக்குப் பூஜ்யம், பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர ஒரு கடிதம்.

கடிதம் வீட்டுக்கு வந்த அன்று பேச்சித்தாய் போட்ட கூப்பாடு தெருவுக்கே கேட்டது. என்ன அட்டவணை, எதைப் பற்றி என்று அவள் விசாரிக்கவில்லை. ‘காப்பியடித்தாள்’ என்ற ஒரு சொல்லே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றோடு மருமகள் காலேஜுக்குப் போவதும் நின்றது. சுந்தரபாண்டி போனில் வந்தான்.

“படிப்பு வரலேன்னா வரலேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான செல்வி? சின்னப்புள்ள செஞ்சதத் திருடி... எம் மானத்தையே வாங்கிட்டியே!”

அவன் இன்னும் ஒன்று கேட்பான் என்று அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவன் வைத்துவிட்டான்.

இன்றைக்கு உளுந்துக்காட்டில் குனிந்து களை வெட்டும்போது பத்து மணி பஸ் ஹாரன் கேட்டது. இந்நேரம் தேர்வு தொடங்கியிருக்கும். அவள் நிமிரவில்லை. பக்கத்துப் புஞ்சைக்காரி பார்வதியம்மாள், “என்ன தாயி, ஒடம்புக்குச் சேட்டமில்லையா?” என்று கேட்டதற்குக்கூட, “ஒண்ணுமில்ல சித்தி, ராத்திரி தூக்கமில்ல” என்றுதான் சொன்னாள்.

மூன்று மணிக்குப் பிரித்திகா வீட்டு வாசலில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தயிர்ச் சோறு திறக்காமல் பைக்குள் கிடந்தது. அப்போதுதான் காட்டிலிருந்து வந்த மாரிசெல்வி பதறிப்போய்த் தோளைத் தொட்டாள்.

“என்ன பிரித்தி? பரீட்சை நல்லா எழுதலையா?”

“என்னையத் தொடாதீங்க மைனி... எனக்கு அந்த யோக்கியத இல்ல!”

பேச்சித்தாய் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். பிரித்திகா தேம்பித் தேம்பிச் சொன்னாள்.

“சாரு அந்த அட்டவணையத் தெறந்து வச்சு, தேதியோட எதுக்கு நூத்தம்பதக் கூட்டியிருக்கன்னு கேட்டாரும்மா. எனக்குத் தெரியல... முழிச்சேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா! அது நான் செஞ்சதில்ல. மைனி செஞ்சது. நாந்தான் களவாண்டேன். எனக்காவத்தான் அவுக வாயத் தெறக்கல!”

“நூத்தம்பதா?” பேச்சித்தாயின் முகம் மாறியது. “அது ஆடு சினையா இருக்கிற நாளுல்லட்டி?”

“ஆமா. எந்த ஆடு என்னைக்கு ஈனும்னு பாக்குத அட்டவணைம்மா அது.”

பேச்சித்தாய்க்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாலு மத்தியானமும் தன் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து, ‘செவலை எப்ப அத்தை, மயிலை எப்ப அத்தை’ என்று கேட்டது யார்? மகளா? மகள் ஆட்டுப்பட்டிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லையே!

“நாந்தானட்டி ஒவ்வொண்ணாச் சொன்னேன்... எங்கிட்டதான கேட்டுக் கேட்டு எழுதுனா! அய்யோ, சாச்சி நானே இருக்கும்போது, எம் புள்ளையப் போயிக் களவாணின்னு சொல்லிப்புட்டனே!” தலையில் அடித்துக்கொண்டாள். “கெளம்பு தாயி. நான் வந்து சாரு காலுல விழுதேன். இப்பவே எழுத விடச் சொல்லுதேன்...”

“விடமாட்டாவளாம்மா,” என்றாள் பிரித்திகா. “நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். இன்னைக்கு வராதவிய எல்லாம் ஆப்சென்ட்டுதானாம். இனி அடுத்த வருசம், புதுசா வார புள்ளைகளோட சேந்துதான் எழுதணுமாம்.”

மாரிசெல்வி பிரித்திகாவின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். “சரி, எந்திரி. காலையிலருந்து ஒண்ணும் திங்கல. மொதல்ல சாப்புடு” என்றாள். இந்தப் பெண்ணை என்ன செய்வது? கோபப்படக்கூடத் தெரியவில்லையே!

பிரித்திகா போன் போட்டுச் சொல்லி, பொழுது சாயும்முன் சுந்தரபாண்டி பைக்கில் வந்து இறங்கினான். துணித் தூசி ஒட்டிய சட்டையோடு நேராக மனைவியிடம் போனான்.

“செல்வி... எனக்குத் தெரியாது செல்வி. தப்புப் பண்ணிட்டேன். நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

பதினைந்து நாளாக வற்றிக் கிடந்த கண் அப்போதுதான் நிறைந்தது.

“ஊருக்குச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அத்தைகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா ஒங்ககிட்ட அப்படி நெனைக்கல. ‘நீ செஞ்சியா செல்வி?’ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒங்ககிட்ட மட்டும் சொல்லியிருப்பேன். போன வச்ச பொறவும் காதுலயே வச்சிட்டு நின்னேன்... நீங்க கேக்கலியே!”

“இப்பக் கேக்கேன் செல்வி...”

“இப்ப எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சத நீங்க கேட்டு நான் என்னத்தச் சொல்ல?”

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சுந்தரபாண்டி குனிந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அதற்குள் பேச்சித்தாய் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருமகளின் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று வருடத்தில் அந்தத் தலையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

“அழு தாயி... நல்லா அழு. எம் மேல கோவம் தீருத மட்டும் அழு.”

மாரிசெல்வியின் கை மாமியாரின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டது. சுந்தரபாண்டி பக்கத்தில் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

“நீ எட்டிப் போலே,” என்றாள் பேச்சித்தாய், மகனை நிமிர்ந்து பாராமல். “அவளாக் கூப்புடுவா. அன்னைக்கு வா.”